வில்லால் மான் வேட்டை: துடிக்கவிடாமல் வீழ்த்துவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செப்டம்பர் நடுவில் வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதையொட்டி, புதிதாக வில் வாங்கிய தமிழர்களிடமிருந்தும், இந்த வேலையே வேண்டாம் என்று நினைக்கும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் ஒரே வகைக் கேள்விகள்தான் வருகின்றன. இங்கே பேசப்படுவது வெள்ளைவால் மான் பற்றி மட்டுமே. வேறு இடம் குறிப்பிடப்படாதபோது சட்ட விவரங்கள் விஸ்கான்சினுக்கு உரியவை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மாநில இயற்கை வளத் துறையின் அவ்வாண்டுக் கையேட்டைப் படிக்காமல் எவரும் காட்டில் இறங்கக் கூடாது.

"துடிக்கவிடாமல் வீழ்த்துவது" என்பதற்கு அளவுகோல் என்ன?

அம்பு பட்ட மான் சில வினாடிகளில் நினைவிழக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்திலோ அதற்குச் சற்று அப்பாலோ விழ வேண்டும். எய்தவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, இறைச்சி கெடுவதற்குள் எடுத்துவர வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் வேலை குறைதான். மான் எங்கோ போய்ச் செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவதை நான் வேட்டையாகக் கருதுவதில்லை. இரண்டு நுரையீரல்களையும் அம்பு அறுத்துச் சென்றால் மான் பெரும்பாலும் 10 முதல் 15 வினாடிகளுக்குள் கீழே விழுந்துவிடும். அதற்குள் அது ஓடும் தூரம் வழக்கமாக 100 கெஜத்துக்குள் இருக்கும். இதைவிட மெதுவான சாவுக்கு வாய்ப்பிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் நாணை விடக் கூடாது.

அம்பு எப்படிக் கொல்கிறது? தோட்டாவைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துமா?

வீழ்த்தாது. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா தன் வேகத்தால் சுற்றியுள்ள தசையையும் உறுப்புகளையும் சிதைக்கிறது. அம்புக்கு அந்த ஆற்றல் கிடையாது. அது அறுத்துக் கொல்லும் கருவி. சவரத்தகடு போன்ற அலகுகள் பொருத்திய முனை மார்புக்கூட்டின் வழியே போகும்போது நுரையீரலின் பெரிய இரத்தக் குழாய்களை வெட்டுகிறது. இரு பக்கமும் துளை விழுவதால் வெளிக்காற்று மார்புக்குள் புகுந்து நுரையீரல்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி, மூளைக்குப் போகும் பிராணவாயு நின்றுபோகிறது. 150 பவுண்டு எடையுள்ள மானின் உடலில் ஏறத்தாழ 4 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு விரைவாக வெளியேறினாலே அதனால் நிற்க முடியாது.

கூரிய அம்பு விலா எலும்புகளின் இடையே நுழைந்து மறுபக்கம் போய்விட்டால், சில மான்கள் நாலடி துள்ளிப் போய் நின்று, சத்தம் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கின்றன. பிறகு கால்கள் தள்ளாடி விழுகின்றன. வலி இல்லை என்று நான் உறுதி கூற மாட்டேன். அதை மானிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நல்ல கத்தி விரலில் பட்டவர்களுக்கு, வெட்டு விழுந்ததை உணர்வதற்கு முன்பே இரத்தத்தைப் பார்த்த அனுபவம் இருக்கும்.

அம்பு ஊடுருவி வெளியே போவது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். மரப்பரணிலிருந்து எய்யும்போது அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறுகிறது. கீழ்த்துளை இல்லையென்றால் இரத்தம் மார்புக்கூட்டின் உள்ளேயே தேங்கும். தரையில் தடம் கிடைக்காமல், செத்துக் கிடக்கும் மானையே தவறவிட நேரும்.

மானின் உடலில் எந்த இடத்தைக் குறிவைக்க வேண்டும்?

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அங்கே இரண்டு நுரையீரல்களும் விரிந்திருக்கின்றன. அவற்றின் கீழ்ப்பகுதியை ஒட்டி, முன்னங்கால்களுக்கு நடுவே இதயம் இருக்கிறது. இதயத்தையே குறிவைக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். இதயம் சிறியது, மிகத் தாழ்வாகவும் இருப்பது. குறி இரண்டு அங்குலம் தவறினாலும் அம்பு மார்பெலும்பை உரசிக்கொண்டு போகும். நுரையீரலைக் குறிவைத்தால் எந்தப் பக்கம் சற்றுத் தவறினாலும் சாவு விரைவாகவே வரும்.

படத்தில் புள்ளியைக் காட்டுவதோடு பல வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. மான் படம் போல நிற்பதில்லை என்பதுதான் களத்தில் உள்ள சிக்கல். எய்யத் தகுந்த நிலைகள் இரண்டே. ஒன்று, மான் முழுப் பக்கவாட்டில் நிற்பது. மற்றது, தலை அப்பாலும் பின்பகுதி நம் பக்கமுமாகச் சற்றே சாய்ந்து நிற்பது. இந்த இரண்டாவது நிலையில் மறுபக்கத்து முன்னங்காலை மனக்கண்ணில் கண்டு, அம்பு அங்கே வெளியேறும்படி நுழையும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது அம்பு தோள்பட்டை எலும்பைச் சந்திக்காமல் இரண்டு நுரையீரல்களையும் குறுக்காக அறுத்துச் செல்லும்.

நேர் எதிரே பார்த்து நிற்கும் மான், நம்மை நோக்கிச் சாய்ந்து வரும் மான், முழு முதுகையும் காட்டி நிற்கும் மான் ஆகிய மூன்றும் விட்டுவிட வேண்டியவை. நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் நிலையில் தோள்பட்டை எலும்பு கேடயமாக நிற்கிறது. அதைத் தவிர்த்து எய்தால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டு ஈரலுக்கோ இரைப்பைக்கோ போய்விடும். ஒற்றை நுரையீரல் அறுந்த மான் மைல் கணக்கில் போகக்கூடியது. பரணுக்கு நேர் கீழே வந்து நிற்கும் மானிடமும் இதே ஆபத்து இருக்கிறது. தூரம் மிகக் குறைவு என்பதால் எளிது போலத் தோன்றும். ஆனால் செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு பக்க நுரையீரலோடு நின்றுவிடும். நாலு எட்டு வைத்து அது நகரும் வரை காத்திருப்பது நல்லது.

உடற்கூறு பற்றிய ஒரு பிழையான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நுரையீரலுக்கு மேலே, முதுகெலும்புக்குக் கீழே வெற்றிடம் ஒன்று இருக்கிறது, அதன் வழியே அம்பு போனால் மான் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு வெற்றிடம் கிடையாது. நுரையீரல் முதுகெலும்பு வரை நிறைந்தே இருக்கிறது. தோளருகே முதுகெலும்பு, வெளியே தெரியும் முதுகுக் கோட்டைவிட வெகுவாகத் தாழ்ந்து போகிறது. அதன் மேலே இருப்பது தசையும் நீண்ட எலும்பு முட்களும் மட்டுமே. உயரப் பட்ட அம்பு உண்மையில் முதுகெலும்புக்கு மேலேதான் போயிருக்கிறது. இதை அறிந்தவர் தாழ்வாகவே குறிவைப்பார்.

எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம்?

என் கருத்து 30 கெஜத்துக்குள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு 20 கெஜம் போதும். இலக்குப் பலகையில் 60 கெஜத்தில் அம்புகளைக் குவிப்பவர்களுக்கு இது கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பலகைக்குக் காது கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். இன்றைய காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பி பொருத்திய நவீன வில்) அம்பு வினாடிக்கு 280 அடி அளவில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 20 கெஜத்தில், அதாவது 60 அடியில், அம்பு போய்ச்சேர 0.21 வினாடி ஆகும்; நாண் எழுப்பும் ஒலி அதற்கு 0.16 வினாடி முன்பே மானின் காதில் விழுந்துவிடும். 40 கெஜத்தில் இந்த இடைவெளி 0.32 வினாடியாகிறது. ஒலி கேட்டு மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. தடையின்றி விழும் பொருள் 0.2 வினாடியில் ஏறத்தாழ 8 அங்குலம் இறங்கும். நுரையீரலின் நடுவைக் குறிவைத்து விட்ட அம்பு முதுகில் பாய்வதற்கு 8 அங்குலம் தாராளம். எய்தவரின் கை பிசகவே இல்லை. மான் அங்கே இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு திறமை வளர்த்தாலும் இந்த இடைவெளியை யாராலும் குறைக்க முடியாது.

இதனால்தான் மானின் மனநிலையையும் தூரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேய்ந்துகொண்டு, வாலை இயல்பாக ஆட்டிக்கொண்டு நிற்கும் மான் வேறு. தலையை நிமிர்த்தி, இரு காதுகளையும் உங்கள் மரத்தை நோக்கித் திருப்பி, முன்னங்காலால் தரையைத் தட்டும் மான் வேறு. இந்த இரண்டாவது மான் சில நேரம் மேய்வதுபோலத் தலையைக் குனிந்து, சட்டென்று மீண்டும் நிமிர்ந்து பார்க்கும். உங்களை அசைய வைத்துக் கண்டுபிடிக்கவே அப்படிச் செய்கிறது. அது 18 கெஜத்தில் நின்றாலும் விட்டுவிடுங்கள்.

வில்லின் வலிமை எவ்வளவு இருக்க வேண்டும்?

விஸ்கான்சின் சட்டப்படி குறைந்தது 30 பவுண்டு இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் எடை, வேண்டும்; வேறு சில மாநிலங்கள் 35 அல்லது 40 பவுண்டு கேட்கின்றன. சட்டம் சொல்வது அடிமட்டம். வயதுவந்தவர் ஒருவர் 45 பவுண்டுக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. அதற்காக, அண்ணாந்து வில்லை ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டிய எடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பிறகு, மெதுவாக, நேராக இழுக்க முடிகிற எடைதான் உங்கள் எடை. அம்பு இலேசாக இருந்தால் வேகம் கூடும். கனமாக இருந்தால் ஊடுருவலும் அமைதியும் கூடும். மான் வேட்டையில் பின்னதற்கே முதலிடம்.

அம்பு முனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூர்மையை. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கு முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்றும் அது கூர்தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதியே சொல்கிறது. மழுங்கிய அலகு இரத்தக் குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளுகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் விரைவில் உறைந்துவிடும். கூரிய அலகு விட்ட சீரான வெட்டு அவ்வளவு எளிதில் அடைபடாது. பலகையில் ஒருமுறை எய்து பார்த்த முனையை அப்படியே அம்புக்கூட்டில் செருகிக்கொண்டு காட்டுக்குப் போவது பெரிய அலட்சியம். அலகுகளை மாற்றுங்கள், அல்லது முன்கை முடியை மழிக்கும் அளவுக்குத் தீட்டுங்கள்.

நிலையான அலகா, பட்டதும் விரியும் அலகா என்ற வாதம் முடிவில்லாதது. விரியும் முனை அகலமாக வெட்டும், ஆனால் விரிவதற்கே சிறிது ஆற்றலைச் செலவிடும். இழுவிசை குறைந்த வில் வைத்திருப்பவர்கள் நிலையான அலகைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

எவ்வளவு பயிற்சி வேண்டும்?

எண்ணிக்கையைவிட முதல் அம்பு முக்கியம். காலையில் எழுந்து, கை சூடாகாமல், வேட்டைக்கு உடுத்தும் அதே கனத்த உடையோடு, வேட்டை முனையைப் பொருத்தி, ஒரே ஓர் அம்பு எய்யுங்கள். அது எங்கே பட்டது என்று குறித்துவைத்து, அன்று அதோடு நிறுத்துங்கள். பல வாரங்கள் இப்படிச் செய்தால், எந்தத் தூரம் வரை உங்கள் முதல் அம்பு உள்ளங்கையளவு வட்டத்துக்குள் தவறாமல் விழுகிறது என்பது தெரியும். அதுவே உங்கள் வேட்டைத் தூரம். நாற்பதாவது அம்பு எவ்வளவு நேர்த்தியாகப் பட்டது என்பதில் மானுக்கு ஒரு பயனும் இல்லை. பரணில் ஏறி எய்யப் போகிறவர்கள் உயரத்திலிருந்தும் பழக வேண்டும், அதுவும் முழு உடல் பாதுகாப்புப் பட்டை அணிந்துகொண்டு.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே உரிமம் பெற வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வில்வேட்டைக்கென்றே தனி வகுப்பும் நடக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் அதில் சேருங்கள். இரத்தத் தடம் தேடுவதைக் கையைப் பிடித்துச் சொல்லித்தரும் இடம் அது.

அம்பு பட்டதும் என்ன செய்ய வேண்டும்?

அசையாமல் இருங்கள். பல தவறுகள் அம்பு பட்டபின் வரும் அரை மணி நேரத்தில்தான் நடக்கின்றன.

முதலில் கண்ணும் காதும். அம்பு பட்ட கணத்தில் மான் பின்னங்கால்களை உதறித் துள்ளி, உடலைத் தாழ்த்திக்கொண்டு வெறிகொண்டு ஓடினால் பெரும்பாலும் இதயமோ நுரையீரலோ அறுந்திருக்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, சிறு நடையாகப் போனால் வயிற்றில் பட்டிருக்கிறது. கடைசியாக அது எந்த மரத்தருகே தெரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சருகில் விழும் ஓசை பல நேரம் கேட்கும். மான் இன்னும் உங்கள் எய்யும் தூரத்துக்குள் நின்றுகொண்டிருந்தால், முதல் அம்பு எவ்வளவு நன்றாகப் பட்டதாகத் தோன்றினாலும், தயங்காமல் இரண்டாவதை எய்யுங்கள்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது போலத் தெரிந்தாலும் அரை மணி நேரம் கழித்தே இறங்க வேண்டும். இறங்கியதும் அம்பைத் தேடுங்கள். அம்பின் இறகுகளை விரலிடையே தேய்த்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுண்குமிழிகளோடு நுரைத்திருந்தால் நுரையீரல். கரும் செந்நிறமாக, குமிழி இல்லாமல் இருந்தால் ஈரல். பச்சையோ பழுப்போ கலந்து, அரைத்த இலைத் துணுக்குகளோடு சாண நெடி அடித்தால் இரைப்பை அல்லது குடல். அடர்சிவப்பாகத் தொடங்கி, நூறு கெஜத்துக்குப் பிறகு துளித்துளியாகக் குறைந்து நின்றுவிடும் இரத்தம் தசைக் காயத்துக்கு அடையாளம். முடியையும் கவனியுங்கள், வெள்ளை முடி அதிகமாகக் கிடந்தால் அம்பு வயிற்றின் அடிப்பக்கம் போயிருக்கக்கூடும்.

வயிற்றில் பட்டது தெரிந்தால்?

இதுதான் மனத்துக்கு மிகக் கடினமான பதில்: பின்வாங்கிப் போய்க் காத்திருக்க வேண்டும். ஈரலில் பட்டிருந்தால் 4 முதல் 6 மணி நேரம். குடலில் பட்டிருந்தால் 8 முதல் 12 மணி நேரம். ஓர் உயிர் வலியோடு கிடக்கும்போது நாம் வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்று எவருக்கும் தோன்றும். ஓடிப்போய் உதவ வேண்டும் என்ற அந்த உந்துதல் நல்ல மனத்திலிருந்து வருவதுதான். ஆனால் விளைவு நேரெதிரானது. துரத்தப்படாத மான் சில நூறு கெஜத்துக்குள் ஒரு புதரில் படுத்துவிடும். பெரும்பாலும் அங்கேயே இறக்கும். நீங்கள் போய்க் கிளப்பினால் எழுந்து ஓடும். இரைப்பைக் காயத்தில் வெளி இரத்தம் மிகக் குறைவு என்பதால் தடமும் இருக்காது. அதன் வேதனை அதே அளவு நீளும், ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும்.

செப்டம்பர் மாத வெப்பத்தில் இத்தனை நேரம் விட்டால் இறைச்சி கெட்டுப்போகுமே என்பார்கள். கெடலாம். ஓநாயை ஒத்த கயோட்டி விலங்குகள் முதலில் கண்டுபிடிக்கவும் கூடும். இறைச்சியைக் காப்பாற்றுவதற்காக மானைக் கிளப்பி ஓடவிடுவதைவிட, அந்த இழப்பை எய்தவர் ஏற்றுக்கொள்வதே சரி என்பது என் உறுதியான எண்ணம். காத்திருந்து போகும்போது மான் உயிரோடு படுத்திருந்தால், ஓசையின்றி எய்யும் தூரத்துக்குள் நெருங்கி, மார்பில் இன்னோர் அம்பு.

இரத்தத் தடம் நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் தேட வேண்டும்?

கடைசித் துளியில் ஓர் அடையாளத் துணியைக் கட்டுங்கள். அங்கிருந்து தரையில் குனிந்து, இலைகளின் அடிப்பக்கம் உட்பட, அரை வட்டமாகத் தேடுங்கள். தடத்தின் மேல் மிதிக்காதீர்கள். நான்கு பேரை அழைத்து வந்து காட்டைக் கலக்குவதைவிட, பயிற்சி பெற்ற ஒரு நாயைக் கயிற்றில் பிடித்து வரும் ஒருவரை அழைப்பது பலமடங்கு மேல். விஸ்கான்சினில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நாய் வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்கோடு நின்று அந்த எண்ணைத் தேடக் கூடாது.

மான் அடுத்தவர் நிலத்துக்குள் போயிருந்தால் உரிமையாளரின் அனுமதியின்றி வேலியைத் தாண்ட முடியாது. அதனால் பக்கத்து நிலத்தாரோடு முன்கூட்டியே பேசிவைப்பதும், எல்லையோரத்தில் பரண் கட்டாமல் இருப்பதும் வேட்டை அறத்தின் பகுதிதான். ஒரு முழு நாள் தேடாமல் கைவிடுவது முறையல்ல. கிடைக்காமலே போனால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அந்த மானைத் தன் கணக்கில் சேர்த்து அவ்வாண்டு அந்த உரிமத்தில் வேட்டையை நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அதையே சரியென்று நினைக்கிறேன்.

உண்மையில் எத்தனை மான்கள் காயத்தோடு தப்பிவிடுகின்றன?

மேரிலாந்து மாநிலத்தில் இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை காம்பவுண்ட் வில்லும் குறுக்கு வில்லும் (துப்பாக்கி போலத் தோளில் வைத்து விசையை இழுத்து எய்வது) கொண்டு நடந்த வேட்டையைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். அம்பு பட்டவற்றில் 100க்கு 18 மான்கள் கிடைக்கவில்லை. அங்கே வேட்டையாடியவர்கள் எய்திறன் தேர்வில் தேறியவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மின்னசோட்டாவின் கேம்ப் ரிப்ளி இராணுவ முகாமில் கிடைத்த கணக்கு 100க்கு 13. ஓக்லஹோமாவில் மெக்கலெஸ்டர் படைக்கலத் தளத்தில், பழைய பாணி வில் மட்டும் அனுமதிக்கப்பட்ட வேட்டையில், வானொலிக் கழுத்துப்பட்டை கட்டிய ஆண் மான்களைத் தொடர்ந்தபோது, அம்பு பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி கிடைக்கவில்லை. எண்ணிக்கை சிறியது, கிடைக்காதவற்றில் பல பிழைத்தும் இருந்தன.

இந்த எண்களை மறைத்துப் பேசும் வில்வேட்டைக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறில் ஒன்று என்பது சிறிய எண் அல்ல. காயப்பட்டுத் தப்பியவை எல்லாம் செத்துவிடுவதில்லை என்பது உண்மைதான். தசைக் காயங்கள் ஆறுகின்றன. அதற்காக அந்த எண்ணை ஏற்றுக்கொண்டு பழகிவிட முடியாது. மேலே தூரம், கோணம், காத்திருப்பு பற்றிச் சொன்னவை எல்லாம் அதைக் குறைப்பதற்கான வழிகளே.

அப்படியானால் துப்பாக்கியே மேல் அல்லவா? சில நாடுகள் வில்லைத் தடைசெய்திருக்கின்றனவே?

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மானை வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம். பிரான்சு, ஹங்கேரி போன்ற நாடுகள் அனுமதிக்கின்றன. டென்மார்க் 1999இல், தனித் தேர்வு எழுதியவர்களுக்கு மட்டும் சிறிய ரோ மானை எய்ய வழிவிட்டது. தடைசெய்த நாடுகளின் வாதம் வலுவானது. 100 கெஜத்தில் கை நடுக்கமில்லாமல் சுடக்கூடியவரின் துப்பாக்கி, சுமாரான வில்லாளியின் அம்பைவிட இரக்கமுள்ளது. அதை மறுக்க மாட்டேன்.

வில்லின் பக்கம் சொல்ல வேண்டியவை இவை. புறநகர்ப் பகுதிகளில் மான்கள் பெருகிய இடங்களில் துப்பாக்கி வெடிக்க முடியாது. 20 கெஜத்தில், பரணிலிருந்து தரையை நோக்கிப் போகும் அம்பு அங்கே பாதுகாப்பானது. இறைச்சியில் ஈயத் துகள் சேராது. சரியான கோணத்தில், சரியான தூரத்தில் பட்ட அம்பு தோட்டாவுக்குச் சற்றும் குறையாத விரைவில் கொல்கிறது. ஆனால் அந்தக் கோணமும் தூரமும் வராத நாட்களில் வெறுங்கையோடு திரும்பச் சம்மதிப்பவருக்கே வில் ஏற்றது. ஒரு பருவத்துக்கு ஒரு மானாவது கட்டாயம் வேண்டும் என்பவர் நவம்பர் கடைசியில் வரும் துப்பாக்கிப் பருவத்துக்குப் போவது அவருக்கும் நல்லது, மானுக்கும் நல்லது.

அமெரிக்காவில் இன்றைய வில்வேட்டைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் யாகி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்பட்ட இஷி. 1911இல் கலிபோர்னியாவின் ஓரவில் ஊரில் வெளியுலகத்துக்கு வந்த அவர், 1916இல் காசநோயால் இறக்கும் முன், சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு வில் செய்யவும் வேட்டையாடவும் கற்றுக்கொடுத்தார். இஷியின் வேட்டை முழுக்க முழுக்க அருகே போவதில் இருந்தது: காற்றைப் பார்த்து, மறைந்திருந்து, விலங்கைத் தன்னிடம் வரவழைப்பது. விஸ்கான்சின் 1934இல் வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. 1960களில் காம்பவுண்ட் வில்லை மிசூரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் உருவாக்கினார். அதன்பின் வேகம் கூடிக்கொண்டே போக, அருகே போகும் கலை தேய்ந்துகொண்டே வருகிறது என்பது என் கவலை.

தாயைக் கொன்றால் குட்டி என்ன ஆகும்?

நம் வீடுகளில் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. வெள்ளைவால் மான்கள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போடுகின்றன. செப்டம்பர் நடுவில் குட்டிகள் இலைதழை தின்று தாமே வாழக்கூடியவையாகிவிடுகின்றன. பாலுக்காகத் தாயை நம்பியிருப்பதில்லை. ஆயினும் முதுகில் வெண்புள்ளி மாறாத குட்டியோடு வரும் தாயை நான் எய்ய மாட்டேன்.

கொல்வதே தேவைதானா?

புலால் உண்ணாதவருக்கு என்னிடம் மறுப்பில்லை. அவர் நிலைப்பாடு தெளிவானது. கடையில் இறைச்சி வாங்கிக்கொண்டே கேட்பவரிடம் சொல்வதற்குச் சில செய்திகள் உண்டு.

இறைச்சி வாணிகத்துக்காகவும் தோலுக்காகவும் கட்டுப்பாடின்றிச் சுட்டதில், 1900 வாக்கில் இந்நாட்டில் வெள்ளைவால் மான்கள் 5 லட்சத்துக்கும் கீழே போயின. இன்று ஏறத்தாழ 3 கோடி. 1900இல் வந்த லேசி சட்டம் சட்டவிரோத வேட்டைப் பொருள் வாணிகத்தை முடக்கியது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்கு ஒதுக்கியது. 1972இல் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன. மீட்பு அளவுக்கு மீறி வெற்றிபெற்றுவிட்டது. தெற்கு விஸ்கான்சினில் ஓநாய் கிட்டத்தட்ட இல்லை. மான்கள் மிகுந்த காடுகளில் ஹெம்லாக், வெள்ளைச் சீடர் மரங்களின் நாற்றுகள் மேலெழ முடியாமல் மேய்ந்து தீர்க்கப்படுகின்றன. வாகனங்களில் அடிபட்டும், கடும் பனிக்காலத்தில் பட்டினியாலும் சாகும் மான்கள் ஏராளம்.

அந்தச் சாவுகள் எல்லாம் அம்பைவிடக் கொடியவை என்று வாதிடுவோர் உண்டு. செய்தி சரி, ஆனால் அது நம் கைப்பிழைக்கு மன்னிப்பாகாது. பனி கொல்வதற்குப் பனி பொறுப்பேற்க முடியாது. அம்பை விட்டவர் ஏற்க வேண்டும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இப்படிச் செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் உள்ளிட்ட மான்களை வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இலங்கையிலும் மான்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. இங்கே எழுதியது எதுவும் அங்கே பொருந்தாது.

மானைக் கண்டுபிடித்த பிறகு?

தலைப்பக்கமாகப் போகாமல் முதுகுப்பக்கமாக நெருங்குங்கள். கண் திறந்து மங்கியிருக்க வேண்டும். நீண்ட குச்சியால் கருவிழியைத் தொட்டு, இமை அசையவில்லை என்று உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

குடலை உடனே நீக்கி உடலைக் குளிரவிட வேண்டும். கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவுசெய்ய வேண்டும். 2002இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்ட மான் நலிவு நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியிருப்பதால், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகு சமைப்பது நல்லது. நோயுள்ளது என்று வந்தால் உண்ணக் கூடாது.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மார்புக்கூட்டைத் திறந்ததும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் வாரிக் கொட்டாமல், அம்பு போன வழியைப் பாருங்கள். எந்த விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்தது, ஒரு நுரையீரலா இரண்டா, ஈரலின் விளிம்பு தொட்டதா, எங்கே வெளியேறியது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பரணிலிருந்து நீங்கள் கண்டதாக நினைத்த இடத்துக்கும் உண்மையில் பட்ட இடத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்று குறித்துவையுங்கள். அடுத்த மான் வந்து நிற்கும்போது எந்தக் கோணத்தை விட்டுவிட வேண்டும் என்பதை அந்தக் குறிப்பு எந்தப் படத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும்.